குறி தப்புவது எங்கே?



தமிழ்நாட்டின் வடகோடியில் இருக்கிறது எங்கள் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் எங்களுக்கு அடுத்த நிலையம் தடா; அது ஆந்திர மாநிலம். இங்கே ஆடி மாதத் தீமிதித் திருவிழாவின்போது ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை ஒன்று போடுவார்கள். உங்கள் ஊர்த் திருவிழாவிலும் அது இருக்கும். ஒரு பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு மேசை. மேசை மேல் பழைய காற்றுத் துப்பாக்கி. பத்துக் குண்டுக்கு இவ்வளவு என்று காசு.

சென்ற ஆண்டு அந்தக் கடை முன்னால் சிறிது நேரம் நின்றேன். முதலில் சுட வந்தவர் தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற இளைஞர். புஜங்களைப் பார்த்தாலே பயமாக இருக்கும். பத்துக்கு நான்கு பலூன்கள் வெடித்தன. அடுத்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்; மூக்குக் கண்ணாடி. முதல் இரண்டு குண்டுகள் வீணாயின. “இது இடப்பக்கம் இழுக்குதுப்பா” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பலூனுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறி வைத்தார். மீதி எட்டில் ஏழு வெடித்தன. மூன்றாவதாக வந்தவள் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி. மெலிந்த உடம்பு, அவளும் கண்ணாடி அணிந்தவள். அவள் எட்டுப் பலூன்களை உடைத்தாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திருக்காது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணின் தந்தை என் வீட்டுக்கு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்கு ஆலையில் வேலை செய்பவர். “சார், பாப்பாவுக்குக் குறி நல்லா வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டிக்குப் போகணும்னா வெளிநாட்டுத் துப்பாக்கி வேணுமாம். லட்சக்கணக்குல ஆகும்னு ஒருத்தர் சொன்னார். கடன் வாங்கலாமான்னு பார்க்கிறேன். ஆனா, இதுக்கெல்லாம் பத்து வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும்னும் சொல்றாங்க. உடம்பும் இவளுக்கு இல்லை, கண்ணாடி வேற. நீங்க பௌதிகம் படிச்சவர், சொல்லுங்க” என்றார்.

வயது, உடல், கருவி. மூன்று கேள்விகளுக்கும் பௌதிகத்தில் ஓரளவு விடை உண்டு. அவரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

வயதுக் கேள்வி எளிது. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் கலப்பு இரட்டையர் போட்டி நடந்தது. நம் நாட்டு மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் பெற்றார்கள். இருவருக்கும் அப்போது வயது 22. அதே மேடையில் வெள்ளிப் பதக்கத்துடன் நின்றவர் துருக்கியின் யூசுப் திகேச். அவருக்கு வயது 51. அதே ஒலிம்பிக்கில், முந்தைய நாள், பெண்களுக்கான 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் தங்கம் பெற்ற தென்கொரியாவின் பான் ஹியோ-ஜின் 16 வயதுப் பெண். உங்களில் பலருடைய வயது. 2018-இல் ஜகார்த்தாவிலும் பலெம்பாங்கிலும் நடந்த ஆசிய விளையாட்டில் நம் சௌரப் சௌத்ரி 16 வயதில் தங்கம் வென்றபோது, ஒரே ஒரு புள்ளியில் அவரிடம் தோற்று வெள்ளி பெற்றவர் ஜப்பானின் மத்சுதா. அவருக்கு 42 வயது. இன்னும் பின்னால் போனால் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கார் ஸ்வான் என்பவரைப் பார்க்கலாம். 1908-இல், 60 வயதில், முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1920-இல் ஆண்ட்வெர்ப் நகரில் தன் மகனோடு ஒரே அணியில் சுட்டு வெள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 72.

ஓட்டப் பந்தயத்திலோ நீச்சலிலோ இப்படி ஒரு மேடையை நீங்கள் காண முடியாது. ஏன்? அந்த விளையாட்டுகளில் உடல் எவ்வளவு ஆற்றலை எவ்வளவு வேகமாக வெளியிடுகிறது என்பதே கணக்கு. இங்கே கணக்கு தலைகீழ். உடல் எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதைத்தான் இங்கே அளக்கிறார்கள். அசையாமல் இருக்கும் கலை வயதோடு அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை.

எவ்வளவு குறைவாக அசைய வேண்டும்? இதற்குக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை மில்லிமீட்டர்ப் புள்ளி

காற்று ரைபிள் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். பத்துப் புள்ளிகளுக்கு உரிய நடுப்பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். இந்தப் பக்கத்தில் வாக்கியத்தின் முடிவில் வைத்திருக்கும் முற்றுப்புள்ளியை 10 மீட்டர் தள்ளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும். ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 0.25 + 2.25 = 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும்.

துப்பாக்கியின் பின்பக்கம் கண்ணருகே ஒரு துளை. முனையில் ஒரு வளையம். இரண்டுக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் என்று வைப்போம். ஒத்த முக்கோணங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? முனை 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் 10 மீட்டரில் குண்டு எவ்வளவு நகரும்? 0.2 × 10000 ÷ 800 = 2.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு முழுப் புள்ளி. துப்பாக்கியின் முனை மூன்று தலைமுடிகளின் தடிமன் அளவு விலகினால் போதும், பத்து ஒன்பதாகிவிடும்.

இப்போது மின்னணு இலக்குகள் வந்துவிட்டதால் பத்தையும் பத்தாகப் பிரித்து மதிப்பெண் தருகிறார்கள். மையத்திலேயே விழுந்தால் 10.9. அதிலிருந்து ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் 0.1 குறையும். நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட்டு 630.7 பெற்றார். நம் நாட்டின் இன்னொரு வீராங்கனை ரமிதா ஜிந்தால் பெற்றது 631.5. ரமிதா ஐந்தாம் இடம் பெற்று இறுதிச் சுற்றுக்குப் போனார். இளவேனில் பத்தாம் இடம், எட்டுப் பேர் மட்டுமே போகும் இறுதிச் சுற்று அவருக்கு இல்லை. வித்தியாசம் 0.8 புள்ளி. அதை நீளமாக மாற்றினால் 8 × 0.25 = 2 மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது குண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர்! ஒரு குண்டுக்குப் பங்கிட்டால் 0.033 மில்லிமீட்டர், பாதித் தலைமுடி. 2019-இல் ரியோ நகர உலகக் கோப்பையில் தங்கம் வென்ற கைதான் இதுவும். இந்த விளையாட்டின் கொடுமை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவன் கேட்பான்: குண்டு போகிற வழியில் புவி அதைக் கீழே இழுக்காதா என்று. இழுக்கும். அரை கிராமுக்குச் சற்று மேலான ஈயக் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பி 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடி ஆகும். அதற்குள் ½gt² கணக்கின்படி சுமார் 17 மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஆனால் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு இறங்குவதால், குறிபார்க்கும் துளையை ஒரு முறை திருகிச் சரிசெய்தால் தீர்ந்தது. மாறாத பிழை பிழையே அல்ல. பெரியவர் வலப்பக்கம் குறி வைத்தாரே, அதுவும் இதே தத்துவம்தான். மாறிக்கொண்டே இருக்கும் பிழைதான் நமக்கு எதிரி.

உள்ளே ஒரு பம்பு

மாறிக்கொண்டே இருக்கும் பிழை எங்கிருந்து வருகிறது? முக்கியமாக உங்களுக்குள்ளிருந்து. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மற்றொரு முழங்கால் மேல் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் பாதத்தின் நுனியை உற்றுப் பாருங்கள். மெல்ல மெல்லத் துள்ளும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தை எறிகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி உங்கள் உடலுக்கும் பொருந்தும். உடல் எதிர்த்திசையில் சிறிது அசையும். முள் உள்ள பழைய எடைக்கருவியில் அசையாமல் நின்றாலும் முள் லேசாக ஆடுவதைக் காணலாம்.

ஒரு துடிப்பில் இதயம் சுருங்கும் நேரம் ஏறக்குறைய 0.3 வினாடி. நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி; அதில் அமைதியான பகுதி 0.5 வினாடி. தொடர்ந்து ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதுமாகப் பயிற்சி செய்து 60-க்குக் கொண்டுவந்துவிட்டால் அமைதிப் பகுதி 0.7 வினாடி. பயத்தில் 120-க்கு ஏறினால்? சுருங்கும் நேரமும் சற்றுக் குறையும் என்றாலும், மிஞ்சுவது கால் வினாடிகூட இருக்காது. உடற்பயிற்சி துப்பாக்கிக்காரனுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிளால் படுத்துச் சுட்டு ஐந்து குண்டுகளையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கியதில் எனக்குப் பெருமை உண்டு. தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு அதே துப்பாக்கியை எடுத்தேன். அன்று ஐந்து குண்டுகளும் ஐந்து ஊருக்குப் போயின.

இதயத்தை அடக்கக் குறுக்கு வழியும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் அட்ரினலினின் வேலையைத் தடுத்துத் துடிப்பைக் குறைத்துவிடும். கை நடுக்கமும் அடங்கும். துப்பாக்கி சுடுதலில் இவை தடைசெய்யப்பட்டவை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜோங்-சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றார்; அப்படிப்பட்ட ஒரு மருந்து அவர் உடலில் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்ததால் இரண்டையும் இழந்தார்.

சரி, புஜபலம் ஏன் உதவவில்லை? தசை என்பது சுமையைத் தாங்கும்போது நுணுக்கமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய தசையானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. வினாடிக்குப் பத்து முறை என்ற அளவில் வரும் அந்த நடுக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது, இலக்குக்குத் தெரியும். ஆகவே ரைபிள் சுடுபவர்கள் சுமையைத் தசையிடமிருந்து பிடுங்கி எலும்பிடம் ஒப்படைக்கிறார்கள். இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து, துப்பாக்கியின் எடை கை வழியாக இடுப்புக்கும் இடுப்பு வழியாகக் கால்களுக்கும் நேராக இறங்கும்படி நிற்பார்கள். துப்பாக்கியும் ஆளும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் இரண்டு பாதங்களுக்கு நடுவே விழ வேண்டும். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும் நம் ஊர்ப் பெண்களைப் பாருங்கள். அவர்கள் குடத்தைத் தசையால் தாங்குவதில்லை, முதுகெலும்பால் தாங்குகிறார்கள். அதே வித்தைதான். அதனால்தான் மெலிந்த பெண்களும் 5 கிலோ ரைபிளைப் பிடித்து 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட முடிகிறது.

பிஸ்டலில் இந்தச் சலுகை கிடையாது. ஒரே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். சுமார் ஒரு கிலோ எடையைத் தோளிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் திருப்புத்திறன் 1 × 9.8 × 0.65, ஏறக்குறைய 6.4 நியூட்டன் மீட்டர். கையின் சொந்த எடைக்கும் சேர்த்தால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நீட்டிய கையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நான் சொல்லத் தேவையில்லை. ஆக, பிஸ்டல்காரருக்குத் தோளில் வலு வேண்டும். ஆனால் அது பளு தூக்கும் வலு அல்ல, நீண்ட நேரம் தாங்கும் வலு.

1938-இல் ஹங்கேரியின் ராணுவ வீரர் கரோலி தகாச்சின் வலக்கையை ஒரு கையெறி குண்டு சிதைத்துவிட்டது. அவர் இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். உடல் தகுதி என்ற சொல்லை இந்த விளையாட்டில் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

வெள்ளெழுத்தும் ஊசித்துளையும்

வயது உண்மையிலேயே ஓர் இடத்தில் கடிக்கும். அது கண். எனக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ரயிலில் செய்தித்தாளை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறேன். உங்கள் வயதில் விழிலென்சு மிருதுவாக இருக்கும். தேவைக்கு ஏற்பத் தடித்து அருகில் உள்ளதைக் காட்டும். வயதாக ஆக அது விறைத்துப் போகும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

துப்பாக்கி சுடுபவர் துப்பாக்கி முனையில் உள்ள வளையத்தையும் பார்க்க வேண்டும், இலக்கையும் பார்க்க வேண்டும். வளையம் கண்ணிலிருந்து 1 மீட்டர். இலக்கு 10 மீட்டர். லென்சின் திறனை டயாப்டரில் சொன்னால் (1 ஐ மீட்டர்த் தொலைவால் வகுக்க வேண்டும்) ஒன்றுக்கு 1.0, மற்றதற்கு 0.1. ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தையும் எந்தக் கண்ணாலும் தெளிவாகப் பார்க்க முடியாது, பதினாறு வயதுக் கண்ணாலும் முடியாது. வளையத்தைத் தெளிவாக வைத்தால் இலக்கு 0.9 டயாப்டர் அளவுக்குக் குவியம் தவறும். கண் பாவையின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால், மங்கல் 4 × 0.9 = 3.6 மில்லிரேடியன். 10 மீட்டர் தூரத்தில் அது 36 மில்லிமீட்டர். இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான்! பஞ்சுப் பொதியைக் குறிபார்ப்பது போல ஆகிவிடும்.

இங்கேதான் ஊசித்துளை கைகொடுக்கிறது. ரைபிளின் பின்பக்கத் துளையின் விட்டம் சுமார் 1 மில்லிமீட்டர். அதன் வழியாகப் பார்க்கும்போது கண் பாவையே 1 மில்லிமீட்டராகச் சுருங்கியதற்குச் சமம். மங்கல் 36-லிருந்து 9 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். கறுப்பு வட்டம் வட்டமாகவே தெரியும். துளையை இன்னும் சிறிதாக்கலாமே என்றால், ஒளி குறைந்துவிடும். ஒளி அலை விளிம்பில் வளைவதால் வரும் மங்கலும் கூடும். இதற்கு மேல், வயதானவர் கண்ணாடியில் ஏறக்குறைய அரை டயாப்டர் கூட்டிக்கொண்டால் (1.0-க்கும் 0.1-க்கும் நடுவில் 0.55 அல்லவா?) வளையமும் இலக்கும் பிழையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். விதிகள் இதை அனுமதிக்கின்றன. கிட்டப்பார்வைக்கும் தகுந்த லென்சு போட்டுக்கொண்டு சுடலாம். கண்ணாடி அணிந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு மூடிய கதவு அல்ல.

சோதித்துப் பாருங்கள். ஒரு கெட்டி அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணுக்கு மிக அருகே பிடித்து, வெளிச்சத்தில் செய்தித்தாளைப் பாருங்கள். பிறகு உங்கள் பாட்டியிடம் கொடுத்து, கண்ணாடியில்லாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் துப்பாக்கி

யூசுப் திகேச்சின் படம் உலகமெங்கும் பரவியபோது, “ஒரு கருவியும் இல்லாமல் வந்து, ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு ஜெயித்தார்” என்று பலர் எழுதினார்கள். பாதி உண்மை. கையைப் பையில் விடுவது தோள் ஆடாமலிருக்கப் பிஸ்டல்காரர்கள் பலரும் செய்வது. ரைபிள்காரர்கள் அணியும் விறைப்பான கோட்டு பிஸ்டலில் அனுமதிக்கப்படுவதே இல்லை. ஒரு கண்ணை மறைக்கும் தடுப்பும் தனி லென்சும் அவரவர் விருப்பம். அவர் வேண்டாம் என்றார். ஆனால் அவர் கையில் இருந்தது அசல் போட்டிப் பிஸ்டல்.

நல்ல துப்பாக்கிக்கும் பலூன் கடைத் துப்பாக்கிக்கும் என்ன வேறுபாடு? பலூன் கடைத் துப்பாக்கியில் ஒரு கனத்த சுருள்வில் இருக்கிறது. (தமிழில் ‘விசை’ என்றால் துப்பாக்கியில் ஒன்று, பௌதிகத்தில் வேறொன்று, குழப்பம் வேண்டாம் என்பதால் டிரிக்கர் என்றே சொல்கிறேன்.) டிரிக்கரை இழுத்ததும் வில் விரிந்து ஒரு பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை அழுத்தும். காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் முன்னே ஓடினால் துப்பாக்கி பின்னே ஓட வேண்டும். உந்த அழிவின்மை விதி. பிஸ்டன் கால் கிலோ, அது ஓடும் தூரம் 8 சென்டிமீட்டர், துப்பாக்கி 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் துப்பாக்கி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நகரும். அதுவும் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே! பலூன் பெரிதாக இருப்பதால் நமக்கு இது தெரிவதில்லை. போட்டித் துப்பாக்கியில் வில்லும் இல்லை, பிஸ்டனும் இல்லை. சைக்கிள் டியூப் போல, ஆனால் வளிமண்டலத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில், ஒரு சிறு உருளையில் காற்று அடைத்திருக்கும். டிரிக்கரைத் தொட்டால் ஒரு வால்வு திறந்து மூடும். அரை கிராமுக்குச் சற்று மேலான குண்டு வெளியேறும் வரை 5 கிலோ துப்பாக்கி பின்னே நகர்வது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. இதற்குத்தான் காசு.

அந்தக் காசை இப்போதே கொடுக்க வேண்டுமா? இதற்கு ஒரு கணக்குப் போட்டோம். இரண்டு தனித்தனியான பிழைகள் சேரும்போது அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் போலச் சேர்க்க வேண்டும், கர்ணம்தான் மொத்தப் பிழை. பழகத் தொடங்கும் ஒருவரின் கை 8 மில்லிமீட்டர் சிதறுகிறது, கிளப்பில் இருக்கும் சுமாரான துப்பாக்கி 4 மில்லிமீட்டர் சிதறுகிறது என்போம். மொத்தம் √(64 + 16) = 8.9. துப்பாக்கியை மாற்றி, 0.5 மில்லிமீட்டர் மட்டுமே சிதறும் விலையுயர்ந்த ஒன்றை வாங்கினால் மொத்தம் 8.0. லட்சக்கணக்கில் செலவழித்து, ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மாறாக, அதே கிளப் துப்பாக்கியோடு கையின் சிதறலை 8-லிருந்து 4-ஆகக் குறைத்தால் மொத்தம் √(16 + 16) = 5.7. காசு செலவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நாள் திரும்பும். கையின் சிதறல் 1 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டவருக்குச் சுமாரான துப்பாக்கியில் மொத்தம் 4.1, நல்ல துப்பாக்கியில் 1.1. இளவேனிலுக்கும், 2008-இல் பீஜிங்கில் கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கும் துப்பாக்கிதான் எல்லாம் என்று யாராவது சொன்னால் அது தவறு; துப்பாக்கி முக்கியமில்லை என்று சொன்னாலும் அது தவறு. பாதையில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த விளையாட்டில் வசதி படைத்தவர்களே அதிகம் தெரிவதற்குக் காரணம், பாதையின் அந்தக் கடைசிப் பகுதிக்குக் காசு தேவைப்படுவதுதான். அதை நான் மறைக்கவில்லை. அவள் தந்தையிடமும் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொன்னேன். காற்றுத் துப்பாக்கி பொம்மை அல்ல. 170 மீட்டர் வேகத்தில் வரும் அந்தச் சிறு குண்டின் இயக்க ஆற்றல் ஏழரை ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம், அதுவும் ஒரு மிளகு அளவு பரப்பின் மேல். கண்ணில் பட்டால் கண் போய்விடும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இவ்வளவு குறைந்த ஆற்றலுள்ள .177 காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே வீட்டுக் கொல்லையில் வைத்துப் பழகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பழகுவது கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும்.

அவர் கடன் வாங்கவில்லை. எங்களுக்கு அருகில் கிளப் ஏதும் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு ரயிலேறிச் சென்னைக்குப் போய்வருகிறார். போகவர நான்கு மணி நேரம். வாரநாட்களில் அவள் செய்வதற்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் செய்யலாம். 80 சென்டிமீட்டர் மரக்கட்டை ஒன்றில் லேசர் சுட்டியைக் கட்டி, இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைத் தொங்கவிட்டு எடையேற்றிக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு கட்டக் காகிதம் ஒட்டுங்கள். ரைபிள் போலப் பிடித்து நின்று, சிவப்புப் புள்ளி பத்து வினாடியில் எவ்வளவு இடத்தில் அலைகிறது என்பதை ஒரு நண்பர் காகிதத்தில் குறிக்கட்டும். அப்போது அவர் சுவரைத்தான் பார்க்க வேண்டும், லேசரை அல்ல. யார் கண்ணிலும் அந்த ஒளி நேராகப் படக் கூடாது. பிறகு இருபது முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியும் பாருங்கள்.

அவள் நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறாள். முதல் வாரம் புள்ளி அலைந்த அகலம் 52 மில்லிமீட்டர். சென்ற ஞாயிறு காட்டியபோது 31. ஆனால் குறிப்புகள் எல்லாம் நடுவுக்கு வலப்பக்கமாகவே குவிந்திருந்தன. “கை அங்கேதான் போகுது சார், இழுத்து இழுத்துக் கொண்டு வர்றேன்” என்றாள். இழுத்தால் தசை வேலை செய்யும், தசை வேலை செய்தால் நடுங்கும். கையை விட்டுவிடச் சொன்னேன். பாதங்களை இரண்டு விரற்கடை இடப்பக்கம் திருப்பி வைத்து நிற்கச் சொன்னேன். புள்ளி தானாக நடுவுக்கு வந்து நின்றது.